தாடையில் தொங்கிய மாஸ்க்

ஒரு காலத்தில் இந்த நகரத்தில் சமையலறை வைத்துப் பிழைத்தவர்களிடம் "நகவெட்டி வர்றான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுப்பில் பால் பொங்கினாலும் அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவ ஓடுவார்கள். அவர் நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். முப்பத்தோரு வருஷம் அதே வேலை. சட்டைப்பையில் பேனா இருக்குமோ இருக்காதோ, நகவெட்டி இருக்கும். உள்ளே நுழைந்ததும் வணக்கம் கிணக்கமெல்லாம் கிடையாது, "கையை நீட்டு" என்பார். நகம் வளர்ந்திருந்தால் அத்தனை பேர் முன்னாலும் தானே பிடித்து வெட்டுவார். வெட்டின துண்டுகளைக் காகிதத்தில் மடித்து முதலாளி கையில் கொடுத்து, "நேத்து வரைக்கும் இதைத்தான் பரிமாறியிருக்கீங்க" என்பார். அந்தச் சமையல்காரன் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நிற்பான். மனுஷர் நேர்மையானவர்தான், யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்தது கிடையாது. ஆனால் அடுத்தவனைக் கூசிப்போக வைப்பதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்லிப் பிரயோஜனமில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மாப்பிள்ளை ஒரு சமையல்காரர். ஒரே மகள், தபால் அலுவலகத்தில் கவுன்ட்டர் வேலை, தானே பார்த்துப் பிடித்த மாப்பிள்ளை. ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். தினம் நானூறு பேருக்குச் சமைக்கிற கை.

"உலகத்துல உனக்கு வேற ஆளே கிடைக்கலையாம்மா?" என்று அப்பா கேட்டார்.

"கிடைச்சாங்கப்பா. ஒருத்தருக்கும் சிரிக்கத் தெரியலை" என்றாள் மகள்.

கல்யாணமாகிப் பதினாலு வருஷம், ஒரே வீடு. மாப்பிள்ளை தட்டைக் கொண்டுவந்து வைத்தால் மாமனாரின் கண் சாப்பாட்டுக்குப் போகாது, விரல் நுனிக்குத்தான் போகும். "கழுவியாச்சா மாப்பிள்ளை?" என்பார். "கழுவி, காயவச்சு, இஸ்திரியும் போட்டாச்சு மாமா" என்பார் மாப்பிள்ளை. மகள் சிரிப்பாள். மாமனார் சிரிக்க மாட்டார். வேறு யாராவது என்றால் பதினாலு வருஷத்தில் ஒரு நாளாவது தட்டைத் தூக்கி எறிந்திருப்பார்கள். இந்த மனுஷருக்குப் பொறுமை ஜாஸ்தி.

எழுபத்து நாலாவது வயதில் மாமனாருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டது. டாக்டர் இரண்டு வழி சொன்னார். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வது ஒன்று. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்து, வீட்டிலேயே தினம் நாலு தடவை மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, கழிவோடு வெளியே எடுப்பது இன்னொன்று. அவர் யோசிக்கவே இல்லை. "அந்த மெஷின்ல எவன் எவன் ரத்தமெல்லாம் ஓடியிருக்குமோ, எனக்கு வீடு போதும்" என்றார். டாக்டருக்கு முகம் சுருங்கிப்போனது.

மனைவி போனதிலிருந்து சும்மா கிடந்த சின்ன அறையை அதற்கென்று ஒதுக்கினார்கள். திரைச்சீலையைக் கழற்றினார், விரிப்பைச் சுருட்டினார், சுவருக்கு வெள்ளையடிக்க வைத்தார். ஒரு கட்டில், ஒரு மேஜை, பையைத் தொங்கவிட ஒரு கொக்கி, கை கழுவ ஒரு தொட்டி. கதவில் தன் கைப்பட எழுதி ஒட்டினார்: கை கழுவாதவர்களுக்கு அனுமதி இல்லை. அந்த வீட்டில் இருந்த அந்நியர் மாப்பிள்ளை ஒருத்தர்தான் என்பதால் அது யாருக்கு எழுதியது என்று யாரும் கேட்கவில்லை.

வேலையை அவர் கற்றுக்கொண்ட அழகைப் பார்த்து டயாலிசிஸ் பிரிவு சிஸ்டருக்கே ஆச்சரியம். இந்த வயதில் பலருக்குக் கை நடுங்கும், படிவரிசை மறக்கும். இவரோ நாலாவது நாளே சிஸ்டரைத் திருத்தினார். ஜன்னலைச் சாத்தணும். ஃபேனை நிறுத்தணும். மாஸ்க் போடணும். கையை விரலிடுக்கு விடாமல் கழுவித் துடைக்கணும். வயிற்றுக் குழாயின் மூடியைத் திறந்து, நுனியை எதிலும் படவிடாமல் பையின் குழாயோடு சேர்க்கணும். அந்தத் திறந்த நுனி வெளியே இருக்கிற சில வினாடிகள்தான் உயிர்நாடி. அதில் விரல் பட்டாலோ மூச்சுக்காற்று பட்டாலோ கிருமி நேரே வயிற்றுக்குள் குடியேறிவிடும். முதல் வருஷம் முழுக்க ஒரு சின்னக் கோளாறு கிடையாது. புதிதாக வருகிற நோயாளிகளிடம் சிஸ்டர், "எங்க ஐயா மாதிரி இருங்க" என்று இவரைத்தான் காட்டுவாள். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் இரண்டு நாளைக்கு அவரைக் கையில் பிடிக்க முடியாது.

ஆனால் அவருக்கு இரண்டு பழக்கம் இருந்தது.

ஒன்று, ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லுவார். ஆய்வுக்குப் போன காலத்துப் பழக்கம். "ஒண்ணு, ஜன்னல். சரி. ரெண்டு, ஃபேன். சரி. மூணு, மாஸ்க். சரி" என்று கணீரென்று சொல்லிக்கொண்டே போவார். கூடத்தில் இருக்கிறவர்களுக்கு அப்பா எந்தப் படியில் இருக்கிறார் என்று தெரியும். மகளுக்கு அது ஒரு நிம்மதி.

இரண்டாவது பழக்கம் நாலு மாசத்துக்கு முன்னால் வந்தது. அது யாருக்கும் தெரியாது. கண் ஆஸ்பத்திரியில் புதுக் கண்ணாடி கொடுத்தார்கள், பெரிய சட்டம், கனத்த வில்லை. மாஸ்க்கைப் போட்டு மூச்சு விட்டால் ஆவி மேலே ஏறி வில்லையில் படிந்துவிடும். சரியாகக் குழாய் நுனியைச் சேர்க்கிற நேரத்தில் எதிரே ஒரே வெள்ளை. முதல் நாள் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், நுனி இரண்டாகத் தெரிந்தது. மறுநாள் கதவைத் தாழ் போட்டார், மாஸ்க்கைத் தாடைக்கு இழுத்துவிட்டார். பளிச்சென்று தெரிந்தது. "ஒரு அஞ்சு செகண்டுதானே" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இதே வார்த்தையைச் சொன்ன எத்தனை சமையல்காரர்களுக்கு அவர் நோட்டீஸ் எழுதிக் கிழித்திருக்கிறார்! சிஸ்டரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். "எங்க ஐயா மாதிரி இருங்க" என்று சொல்லுகிறவளிடம் போய், எனக்கு மாஸ்க் போடத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? மானப் பிரச்சினை. அஞ்சு செகண்டு, ஒரு நாளைக்கு நாலு தடவை, நாலு மாசம். அந்த அஞ்சு செகண்டிலும் வாய் சும்மா இருக்கவில்லை. "எட்டு, மூடி திறந்தாச்சு. ஒம்பது, நுனியைத் தொடாதே" என்று திறந்த நுனிக்கு நேரே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. விரலை மடக்க முடியவில்லை. மகள் வேலைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு விடுமுறை, சளி வேறு. அவரும் சிஸ்டரிடம் பயிற்சி எடுத்தவர்தான், ஆனால் மாமனார் அதுவரை ஒரு தடவைகூடத் தொடவிட்டதில்லை. அன்றைக்கு வேறு வழியில்லாமல் கூப்பிட்டார்.

மாப்பிள்ளை சளி பிடித்திருக்கிறதே என்று ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டார். முழங்கை வரைக்கும் கழுவினார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் கட்டிலில் படுத்திருந்த மாமனார். மாஸ்க் பழக்கதோஷத்தில் தாடையில் கிடந்தது. "ஏழு, குழாயை அடைச்சிருக்கிற கிளாம்ப்பைப் பாருங்க. பாத்தாச்சா? எட்டு, மூடி. மெதுவா! ஒம்பது…"

"மாமா, மாஸ்க்கு இறங்கியிருக்கு" என்றார் மாப்பிள்ளை, மெதுவாக.

"எனக்கே சொல்லித் தர்றீங்களா? கையில பிடிச்சிருக்கிறதைப் பாருங்க!"

மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு வேலையை முடித்தார். அந்த அறையில் அன்றைக்குத் திறந்திருந்த வாய் ஒன்றே ஒன்று.

சனிக்கிழமைக்குள் வீக்கம் வடிந்து அவரே மறுபடி மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை வயிற்றிலிருந்து வெளியே வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது. தெளிவு பார்க்க ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்தைப் படிக்க முடியவேண்டும். அவர் பிடித்துப் பார்த்தார். தலைப்பு எழுத்துகூடத் தெரியவில்லை, அரிசி கழுவின தண்ணீரைப் பையில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. வயிற்றில் வலி மெதுவாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் எதனால் வந்தது என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். வயிற்றுக்குள் விடுகிற தண்ணீரிலேயே கிருமிக்கான மருந்தைக் கலந்தார்கள். "பெரிட்டோனைட்டிஸ். வயித்துக்குள்ள இருக்கிற சவ்வுல கிருமி புகுந்திருக்கு" என்றார் டாக்டர் மகளிடம். "வயசானவங்களுக்கு வலி, காய்ச்சல் எல்லாம் அடக்கமாத்தான் தெரியும், ஆனா ஆளைச் சாய்ச்சிரும். நேரத்துக்கு வந்துட்டீங்க. அஞ்சு நாள்ல தெளியலைன்னா குழாயை எடுத்துற வேண்டியதுதான்."

"எப்படி டாக்டர் வந்திருக்கும்? அப்பா அவ்வளவு சுத்தமாச்சே!"

"பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம். எந்தக் கிருமின்னு தெரிஞ்சா எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஓரளவுக்குச் சொல்லலாம்."

அன்றைக்கே அவர் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் சிஸ்டர் நின்று, "எங்க ஐயாவுக்கு யார் கண்ணு பட்டுதோ" என்றாள். வந்த வார்த்தையை மென்று முழுங்கிவிட்டார்.

புதன்கிழமை ரிப்போர்ட் வந்தது. டாக்டர் படித்துவிட்டு, "இது தோல்ல இருக்கிற கிருமி இல்லை. வாயில, தொண்டையில இருக்கிறது. மாத்துற நேரத்துல யாரோ மாஸ்க் சரியா போடாம இருமியிருக்காங்க, இல்லை பேசியிருக்காங்க. வீட்டுல யாருக்காவது சளி இருந்துச்சா?" என்றார்.

யாரும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. அதற்கு அவசியமே இல்லாமல், மாப்பிள்ளைக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

மகள் புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மனுஷரின் முகத்தில் ஈயாடவில்லை. "வெள்ளிக்கிழமை நான்தான் டாக்டர் மாத்தினேன்" என்றார். "ரெண்டு மாஸ்க் போட்டிருந்தேன். ஆனா சளி இருந்துச்சு."

"நல்லவேளை சொன்னீங்க. இதை மறைக்கிறவங்கதான் ஜாஸ்தி" என்றார் டாக்டர். கட்டிலில் இருந்தவருக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் போனதும் மகள் திரையை இழுத்துவிட்டுப் புருஷனை அந்தப் பக்கம் நிறுத்திப் பேசினாள். துணித் திரை. கிசுகிசுப்பாக ஆரம்பித்த பேச்சு போகப்போக ஏறியது.

"உங்களை யாரு தொடச் சொன்னது? நான் வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் பொறுக்க முடியலையா?"

"மாமாதான் கூப்பிட்டாரு…"

"அவர் கூப்பிடுவாரு! சளியோட போயி நிப்பீங்களா? பதினாலு வருஷமா அப்பா கை கழுவு, கை கழுவுன்னு அடிச்சுக்கிறாரு, உங்களுக்கு அது எல்லாம் ஜோக்கு. இஸ்திரி போட்டேன், காயவச்சேன்னு. இப்ப சிரிங்க பாப்போம்! நானூறு பேருக்குப் பொங்கிப் போடற கை… நினைச்சாலே எனக்கு பயமா இருக்கு. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

திரைக்கு இந்தப் பக்கம் மாமனார் காத்திருந்தார். மாப்பிள்ளை இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று. உங்க அப்பாதான் அன்றைக்கு மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு வாய் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாப்பிள்ளை தப்பித்துவிடுவார். அவர் சொல்லவில்லை. "தப்புதான்" என்றார். அவ்வளவுதான். மகள் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். அப்பா மூச்சை ஒரே சீராக விட்டுக்கொண்டு தூங்குகிறவர் போலக் கிடந்தார். எழுபத்தைந்து வயது ஆள், திட்டுக்குப் பயந்த பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கண்ணை இறுக்கிக்கொண்டு. வெட்கக்கேடு! அது அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை.

மருந்து வேலை செய்தது. வியாழக்கிழமை தண்ணீரில் கலங்கல் குறைந்தது, வெள்ளிக்கிழமை செய்தித்தாளின் பொடி எழுத்துகூடத் தெரிந்தது. வயிறு தெளியத் தெளிய மனசு கலங்கிப்போனது. மாப்பிள்ளை தினம் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வருவதில்லை. வாசலிலேயே மாஸ்க்கோடு நிற்பார், சாப்பாட்டு டப்பாவைச் சிஸ்டர் கையில் கொடுத்து அனுப்புவார். கையைக் கழுவிக் கழுவி விரல் கணுக்களில் தோல் வெடித்துச் சிவந்திருந்தது. மாமனார் பார்த்த கைகள் ஆயிரம் இருக்கும். அழுக்குக் கையைப் பார்த்து அவர் தலையைத் திருப்பியதில்லை. இந்தக் கையைப் பார்க்க முடியாமல் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை மகள் ஆரஞ்சு உரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா, அவர் கேன்டீன்ல எழுதிக் கொடுத்துட்டாரு. திங்கக்கிழமையிலேர்ந்து அடுப்புப் பக்கம் போகமாட்டாராம். ஸ்டோர்ல சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை."

"ஏன்?"

"என் கையில ஏதோ இருக்குன்னு சொல்றாரு. வீட்டுல ஒரு ஆளுக்கே இப்படி ஆச்சுன்னா, நானூறு பேரோட உயிரை வச்சு விளையாட முடியாதாம்." அவள் சுளையைப் பிரிப்பதை நிறுத்தினாள். "நான்தான் அன்னைக்கு ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். ஆனா என்னப்பா பண்றது, நடந்தது நடந்ததுதானே? இனிமே வீட்டுலயும் அவர் உங்க ரூமுக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

இருபத்திரண்டு வருஷம் அடுப்படியில் நின்ற மனுஷன். கரண்டியைக் கீழே வைக்கப் போகிறார், சனி ஞாயிறு இரண்டே நாள்தான் நடுவில். இன்னும் வாயைத் திறக்காவிட்டால் தான் மனுஷனே இல்லை என்று கட்டிலில் இருந்தவருக்குத் தோன்றியது. அன்றைக்கு வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தார், சிஸ்டர் மாத்திரை கொண்டுவந்திருந்தாள். எல்லாரும் இருக்கும்போதே சொன்னார்.

"அவரால வரலைம்மா. என்னாலதான் வந்துச்சு. நாலு மாசமா நான் மாஸ்க்கை இறக்கிவிட்டுத்தான் மாத்தறேன். கண்ணாடியில ஆவி படிஞ்சு கண்ணு தெரியலை. போன வெள்ளிக்கிழமை அவர் மாத்தினப்பவும் என் வாய்தான் திறந்திருந்துச்சு."

சொல்லிவிட்டு, வெடி வெடிப்பதற்குக் காத்திருப்பவர் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

மகளின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் அல்ல. "அப்பா…" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்காகப் பழியைத் தூக்கி உங்க மேல போட்டுக்கறீங்களா?"

"இல்லம்மா, நிஜமாத்தான்."

"எனக்குத் தெரியாதா உங்களை? ஒரு ஈ உள்ளே வந்தா நாலு நாள் தூங்க மாட்டீங்க. நீங்க மாஸ்க் போடாம இருந்தீங்களாம்!" அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா எங்க அப்பாவை? வாழ்க்கையில பொய் சொல்லாத மனுஷன், உங்களுக்காகச் சொல்றாரு."

"பெரிய மனசுய்யா உங்களுக்கு" என்றாள் சிஸ்டர், மாத்திரையை நீட்டிக்கொண்டே.

"விடுங்க மாமா. ஆனது ஆச்சு" என்றார் மாப்பிள்ளை வாசலிலிருந்து. குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அவர் நம்பினாரா இல்லையா என்று மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடப்பாவமே! குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு மாலை போடாத குறை. முப்பத்தோரு வருஷமாகச் சேர்த்து வைத்த பேர், வேண்டாம் என்று உதறினாலும் ஒட்டிக்கொண்டு நின்றது. அன்று ராத்திரி முழுக்க அவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். சிஸ்டர் பாவம், அசதி என்று நினைத்து விளக்கைக் குறைத்துவிட்டுப் போனாள்.

கிருமி வந்த வீட்டாரை அனுப்புவதற்கு முன்னால் எல்லாரையும் ஒரு தடவை செய்துகாட்டச் சொல்வது அந்தப் பிரிவில் வழக்கம். அதற்கென்று இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு துணிப் பட்டை, அதில் பொம்மைக் குழாய். சனிக்கிழமை காலை சிஸ்டர் அதை எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். "ஐயாவுக்குத் தேவையில்லை. மாப்பிள்ளை மட்டும் செஞ்சு காட்டட்டும்" என்றாள்.

"அவர்தான் இனிமே தொடப்போறதே இல்லையே சிஸ்டர்" என்றாள் மகள்.

"அவசரத்துக்கு ஒரு ஆள் வேணும்மா. செய்யட்டும்."

மாப்பிள்ளை உள்ளே வந்தார். பரீட்சைக்கு வந்த ஆளைப் போலக் கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். அரை மணி நேரத்தில் நானூறு முட்டை உடைக்கிற விரல்கள்.

"அதை இங்க குடுங்க" என்றார் மாமனார். "முதல்ல நான்."

"ஐயா, உங்களுக்கு எதுக்கு…"

"குடும்மா."

பட்டையைக் கட்டிக்கொண்டார். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து தன் கண்ணாடியையும் மாஸ்க்கையும் மாட்டினார். சிஸ்டர் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், கை கழுவினார். "ஒண்ணு, ஜன்னல். சரி" என்று ஆரம்பித்தார். ஐந்தாவது படிக்குள் இரண்டு வில்லையும் வெளுத்துவிட்டன. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம், காட்டவேண்டியதைக் காட்டியாயிற்று. அவர் நிறுத்தவில்லை. வீட்டில் செய்வதைப் போலவே, ஒரு விரலால் மாஸ்க்கைத் தாடைக்கு இழுத்துவிட்டார். தயக்கமே இல்லாமல் அந்த விரல் போனதைப் பார்த்த யாருக்கும் அது இன்றைக்குச் செய்கிற வேலை இல்லை என்று புரியும்.

"ஐயா…" என்றாள் சிஸ்டர்.

"எட்டு, மூடி திறந்தாச்சு. ஒம்பது, நுனியைத் தொடாதே. பத்து, வெளியே எதிலயும் படாம…"

திறந்த நுனி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சேர்த்து முடிக்காமல் அப்படியே சிஸ்டரிடம் நீட்டினார். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நுனியின் விளிம்பில் பொட்டுப் பொட்டாக எச்சில் தெறித்திருந்தது.

அறைக்கு வெளியே தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போயிற்று. முப்பத்தோரு வருஷம் மற்றவர்களை நிறுத்திவைத்த இடத்தில் இன்றைக்குத் தானே போய் நின்றுகொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. காதுமடல் வரைக்கும் சூடேறியது. அவர் வெட்டிய நகத்தைக் காகிதத்தில் பார்த்துக்கொண்டு நின்ற ஒவ்வொருத்தனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தபோது, அவருக்கு அழுகை முட்டியது.

"கண்ணாடிக்குத்தானேய்யா?" என்றாள் சிஸ்டர் கடைசியில். "மூக்கு மேல மாஸ்க் ஓரத்துல ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினா ஆவி மேல வராதே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"எங்க கேன்டீன்ல கண்ணாடி போட்டவங்க எல்லாரும் அப்படித்தான் ஒட்டிக்கிறாங்க" என்று மாப்பிள்ளை தன்னையறியாமல் சொன்னார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், இதற்கு வழி தெரிந்த ஆள் பதினாலு வருஷமாக இருந்திருக்கிறார். கேட்க வாய் வரவில்லை.

மகள் இன்னும் அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, புதன்கிழமை நான் இவரைத் திரைக்கு அந்தப் பக்கம் நிக்கவச்சுப் பேசினேனே. அப்ப நீங்க தூங்கிட்டுதானே இருந்தீங்க?"

கேள்வியிலேயே கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று சொல்லுங்கள் அப்பா, மருந்து மயக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லுங்கள், மிச்சத்தை நான் மன்னித்துவிடுகிறேன் என்கிற கெஞ்சல். மாஸ்க் போடாதது பழக்கம், வயசு, கண் தெரியாத கோளாறு. அதற்கெல்லாம் சமாதானம் உண்டு. இதற்கு ஒரே ஒரு சமாதானம்தான் உண்டு, அதை அவளே எடுத்துக் கையில் கொடுக்கிறாள். தலையை ஆட்டினால் போதும்.

"இல்லம்மா" என்றார் அவர். "முழிச்சிட்டுதான் இருந்தேன். எல்லாத்தையும் கேட்டேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. அவர் பக்கம் பார்க்கவும் இல்லை. நேரே புருஷனிடம் போனாள், சிஸ்டர் நிற்கிறாள் என்றும் பார்க்கவில்லை, வெடித்த கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். "நான் பேசினது தப்புங்க. என்னை மன்னிச்சிருங்க" என்றாள்.

ஒரு மூச்சுகூடப் பிடிக்கவில்லை அவளுக்கு அதைச் சொல்ல. ஆறு நாளாக அவர் தூக்க முடியாமல் கிடந்த பாரம் அது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நானும் கேக்கணும் மாப்பிள்ளை" என்றார்.

மன்னிப்பு என்கிற வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. மாப்பிள்ளை, பரவாயில்லை மாமா என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தார். வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பார். மகளும் அப்பாவுக்காக ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவராகச் சொல்லி முடிக்கிறவரை ஒருத்தரும் அவருக்கு உதவவில்லை.